அச்சேறாத கவிதைகள்: அருட்பணியாளர் ஹாப்கின்ஸ்

நம் பங்குகளில் எழுதும் ஆசையுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திருவிழா மலருக்கு ஒரு கவிதை, மறைமாவட்ட இதழுக்கு ஒரு கட்டுரை என்று அனுப்பிவிட்டு, இதழ் கைக்கு வந்ததும் முதலில் தங்கள் பெயரைத் தேடுகிறவர்களை நாம் அறிவோம். பெயர் இல்லையென்றால் அடுத்த மாதம் வரும் என்று காத்திருப்பார்கள். அடுத்த மாதமும் வராது. நல்ல எழுத்தாக இருந்தாலும் இப்படி நடப்பதுண்டு. வாழ்நாள் முழுவதும் இப்படியே கழிந்த ஒரு இயேசு சபைக் குருவைப் பற்றி இன்று சிந்திப்போம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும். பாடத்தில் அவரைப் படித்த பலருக்கு, அவர் கவிதைகள் முதன்முதலாக நூலாக வந்தபோது அவர் இறந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது தெரியாது.

இங்கிலாந்தில் இலண்டனை ஒட்டிய ஸ்ட்ராட்போர்டு என்ற ஊரில் 1844ம் ஆண்டு ஜூலை 28ம் தேதி பிறந்தவர் ஹாப்கின்ஸ். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தை கப்பல் காப்பீட்டுத் தொழில் செய்தவர், அவரும் கவிதை எழுதியவர். குடும்பம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. ஹைகேட் பள்ளியில் படிக்கும்போதே 1860ல் கவிதைக்கான பரிசு பெற்றார் சிறுவன் ஜெரார்டு. பின்னர் ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற நண்பர் கிடைத்தார். இந்த நண்பரை நாம் மறந்துவிடக் கூடாது, இவர் இல்லையென்றால் இன்று நமக்கு ஹாப்கின்ஸ் இல்லை.

1866ம் ஆண்டு அக்டோபர் 21ம் தேதி பர்மிங்காமில் ஹாப்கின்ஸைக் கத்தோலிக்கத் திருஅவையில் ஏற்றுக்கொண்டவர் ஜான் ஹென்றி நியூமன். 2019ல் புனிதராக உயர்த்தப்பட்டாரே, அதே நியூமன். பெற்றோருக்கு இது பெரிய வேதனையாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இயேசு சபையில் சேர முடிவு செய்த ஹாப்கின்ஸ், 1868ம் ஆண்டு மே மாதத்தில் தம் கவிதைகளை எரித்தார். சபை அப்படிக் கேட்கவில்லை. கவிதை எழுதுவது தம் அழைத்தலுக்கு இடையூறாகிவிடும் என்று அவரே நினைத்தார். மேலதிகாரிகள் விரும்பிக் கேட்டாலொழிய இனி எழுதுவதில்லை என்றும் தீர்மானித்துக்கொண்டார். சில கவிதைகளின் பிரதிகள் நண்பர்களிடம் இருந்ததால் அவை தப்பின. அவர் எரித்தது அவசியமா என்று இன்று நாம் கேட்கலாம். நமக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை. ஆனால் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் தம்மை முழுவதுமாகக் கொடுக்க நினைத்தபோது, தமக்கு மிகப் பிடித்ததை முதலில் கொடுத்தார் என்பது புரிகிறது.

ஏழு ஆண்டுகள் கடந்தன. அன்னை மரியாவைப் போற்றி, கேட்டதற்காக எழுதிய ஓரிரு பாடல்களைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. 1875ல் அவர் வட வேல்ஸ் பகுதியில் புனித பியூனோ இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அந்த டிசம்பர் மாதத்தில், ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்ட டாய்ச்லாண்டு என்ற கப்பல், தேம்ஸ் நதி முகத்துவாரத்தை அடுத்த மணல்திட்டில் தரைதட்டியது. உதவி வந்து சேர ஒரு நாளுக்கும் மேலாகிவிட்டது. பலர் இறந்தனர். அவர்களில் ஐந்து பேர் பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள். ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு கத்தோலிக்கத் துறவற சபைகளுக்கு எதிராக இயற்றிய சட்டங்களால் நாட்டை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். மீட்கப்பட்ட சகோதரிகளின் உடல்களுக்கு இறுதிச் சடங்கு நடந்தது ஹாப்கின்ஸ் பிறந்த அதே ஸ்ட்ராட்போர்டில்தான். கர்தினால் மேனிங் மறையுரை ஆற்றினார்.

செய்தித்தாளில் இதைப் படித்து ஹாப்கின்ஸ் மனம் கலங்கினார். அவர் அதைப் பற்றித் தம் இல்லத் தலைவரிடம் பேசியபோது, யாராவது இதைக் கவிதையாக எழுதினால் நன்றாயிருக்கும் என்று தலைவர் சொன்னார். அவ்வளவுதான், ஏழு ஆண்டு மௌனம் உடைந்தது. 35 பத்திகள் கொண்ட நீண்ட கவிதை பிறந்தது.

அதில் அவர் ஒரு புதிய சந்தத்தைக் கையாண்டார். வழக்கமான ஆங்கிலக் கவிதையில் ஒவ்வோர் அடியிலும் அசைகளுக்கு ஓர் ஒழுங்கான எண்ணிக்கை உண்டு. ஹாப்கின்ஸோ அழுத்தி உச்சரிக்கப்படும் அசைகளை மட்டும் எண்ணினார். அழுத்தமில்லாத அசைகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். வாசிப்பவர் எங்கே அழுத்த வேண்டும் என்பதைக் காட்ட எழுத்துகளின் மேல் குறிகளும் இட்டார். வேல்ஸ் மொழியைக் கற்று, அதன் கவிதைகளில் உள்ள ஒலி இயைபுகளையும் ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தார். எதுகை மோனையில் ஊறிய தமிழர்களாகிய நமக்கு இந்த ஆசை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அன்றைய ஆங்கில வாசகருக்கு அது புரியாத புதிராக இருந்தது.

1876ல் அந்தக் கவிதையை இயேசு சபையினர் நடத்திய தி மன்த் என்ற மாத இதழுக்கு அனுப்பினார். ஆசிரியர் அருட்பணி கோல்ரிட்ஜ் அவருக்குத் தெரிந்தவர். முதலில் வெளியிடுவதாகச் சொன்னார். பிறகு அந்தக் குறிகளை எடுத்துவிட்டால் வெளியிடலாம் என்றார். இதழ்கள் வந்தன, கவிதை வரவில்லை. கடைசியில் இயலாது என்று தெரிந்தது. கடலில் மூழ்கிய யூரிடிசி என்ற போர்க்கப்பலைப் பற்றி 1878ல் எழுதிய கவிதைக்கும் அதே இதழிடமிருந்து அதே பதில்தான் கிடைத்தது. வெளியார் மறுத்தால் தாங்கிக்கொள்ளலாம். சொந்தச் சபையின் இதழ், அதுவும் இருமுறை. இங்கே ஆசிரியரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கான ஓர் இதழில் அந்தக் கவிதையைப் போட்டிருந்தால் எத்தனை பேர் படித்துப் புரிந்திருப்பார்கள் என்றும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1881ல் இன்னொரு முயற்சி. ஹால் கெய்ன் என்பவர் ஈரேழ்வரிப் பாக்களின் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஹாப்கின்ஸ் அனுப்பியவற்றை அவரும் ஏற்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. டிக்சன் என்ற ஆங்கிலிக்கன் குரு ஹாப்கின்ஸின் கவிதைகளைப் படித்து வியந்தவர். 1879ல் அவர் ஒரு கவிதையை, நல்லெண்ணத்துடன், செய்தித்தாள் ஒன்றுக்கு அனுப்ப முன்வந்தார். ஹாப்கின்ஸ் பதறிப்போய் அதைத் தடுத்தார். தம் மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் தம் எழுத்து வெளிவருவதை அவர் விரும்பவில்லை. ஒருபக்கம் வாசகர் வேண்டும் என்ற ஏக்கம், மறுபக்கம் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு. இரண்டும் உண்மையாகவே அவருக்குள் இருந்தன. புகழை வெறுத்த துறவி என்று அவரைப் புகழ்வோரும் உண்டு, சபை அவரை நசுக்கியது என்போரும் உண்டு. இரு சாராருமே அவரைப் பாதியாகத்தான் பார்க்கிறார்கள் என்பது நம் எண்ணம்.

1877ம் ஆண்டு செப்டம்பர் 23ம் தேதி குருவானபின் அவர் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை. செஸ்டர்பீல்டு, இலண்டன், ஆக்ஸ்போர்டு, பெட்போர்டு லீ, லிவர்பூல், கிளாஸ்கோ என்று மாற்றலுக்கு மேல் மாற்றல். லிவர்பூலில் புனித பிரான்சிஸ் சவேரியார் பங்கில் பணியாற்றியபோது குடிசைப் பகுதிகளின் வறுமை அவரைச் சோர்வடையச் செய்தது. அங்கேதான் குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழிலாளி ஒருவரைப் பற்றிய கவிதையை 1880ல் எழுதினார். திடகாத்திரமான மனிதர் நோயில் விழுந்து, முதலில் பொறுமையிழந்து சபித்து, பிறகு அருட்பணியாளர் கொடுத்த அருளடையாளங்களால் அமைதி அடைகிறார். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் எந்தப் பங்குக்குருவும் இந்தக் கவிதையில் தம்மைக் காண்பார். எழுதியவரின் காலத்தில் அதைப் படித்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

1884ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கிரேக்கப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். அங்கே அவரை வாட்டியது விடைத்தாள்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. யாருக்கும் அநியாயம் நேர்ந்துவிடக் கூடாது என்று மதிப்பெண்ணைப் பின்னக் கணக்கில் போட்டுத் தம்மையே வதைத்துக்கொண்டார். கிரேக்க யாப்பு பற்றி, ஹோமர் பற்றி நூல்கள் எழுதத் திட்டமிட்டார், ஒன்றும் முடியவில்லை. 1885 வாக்கில் இருள் சூழ்ந்த சில கவிதைகள் எழுதினார். 1889ல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், இறைவாக்கினர் எரேமியா நூலின் 12ம் அதிகாரத் தொடக்கத்தைத் தலைப்பில் வைத்து, தம் உழைப்பு மட்டும் ஏன் பலன் தருவதில்லை என்று ஆண்டவரிடமே வழக்காடினார். அதே ஆண்டு ஜூன் 8ம் தேதி டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். வயது 44. பெற்றோர் அருகில் இருந்தனர்.

இனி அந்த நண்பர் பிரிட்ஜஸ். அவர் கத்தோலிக்கர் அல்லர். இயேசு சபையை அவருக்குப் பிடிக்காது. டாய்ச்லாண்டு கவிதையும் பிடிக்கவில்லை. ஆயினும் ஹாப்கின்ஸ் அனுப்பிய ஒவ்வொரு தாளையும் ஒரு தொகுப்பேட்டில் ஒட்டி வைத்தார். எழுதியவர் பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கமில்லாதவர் என்று தெரிந்து, 1883ல் இரண்டாவது ஏடு ஒன்றில் தம் கையாலேயே படியெடுத்து, திருத்துவதற்காக அவருக்கு அனுப்பினார். நண்பர் இறந்தபின் தொகைநூல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்து வாசகரைப் பழக்கினார். 1913ல் அரசவைக் கவிஞரானார். 1918ம் ஆண்டின் இறுதியில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக ஹாப்கின்ஸின் கவிதை நூலை வெளியிட்டார். குறிப்புரையில் நண்பரின் குறைகளையும் தாராளமாகவே பட்டியலிட்டார். அவ்வளவு காலம் காத்திருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை.

அச்சிட்டது 750 பிரதிகள். அவை விற்றுத் தீர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. இரண்டாம் பதிப்பு 1930ல் வந்த பிறகுதான் இளம் கவிஞர்கள் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினர். 1975ம் ஆண்டு டிசம்பரில், அந்தக் கப்பல் விபத்து நடந்து நூறு ஆண்டுகள் ஆனபோது, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தில் கவிஞர்களுக்கான பகுதியில் அவர் பெயர் பொறித்த கல் பதிக்கப்பட்டது. டப்ளின் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்திலோ அவருக்குத் தனிக் கல்லறை இல்லை. இயேசு சபையினர் எல்லாருக்கும் பொதுவான சிலுவையின் அடியில், மற்ற குருக்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

அந்த முதல் பதிப்பு அவருடைய தாய்க்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. மதம் மாறிய மகனுக்காக ஒரு காலத்தில் அழுத அந்த அம்மா, அப்போது 98ம் வயதில் நடந்துகொண்டிருந்தார். மகனின் நூல் வெளிவந்ததைப் பார்த்துவிட்டு, 1920ல் இறந்தார்.