காமிரா ஏந்திய வேட்டைக்காரர்

அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியை அடுத்த மிச்சிகன் காட்டிற்கு 1870ஆம் ஆண்டு வந்த பதினொரு வயதுச் சிறுவன், துப்பாக்கி வேட்டையிலேயே உள்ளம் பறிகொடுத்தான். அவரே ஜார்ஜ் ஷிராஸ். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஒருவரின் மைந்தர், தாமும் வழக்கறிஞர்.

அக்காட்டின் ஓஜிப்வா மக்கள் தோணி முனையில் தீச்சட்டி ஏற்றி, ஒளியில் திகைத்து நிற்கும் மானை இரவில் வேட்டையாடுவர். ஷிராஸ் அம்முறையை அவ்வாறே கைக்கொண்டார். துப்பாக்கிக்குப் பதிலாகக் காமிராவை நிறுத்தினார். மெக்னீசியப் பொடி பளிச்சிடும் கணத்தில் மான் படத்தில் அகப்படும். உயிரோடு ஓடியும் விடும்! கட்டிய கம்பியை இடறும் விலங்கு தன்னைத் தானே படம்பிடித்துக்கொள்ளவும் வழி கண்டார். இதனை விளையாட்டென்று நாம் நகைத்தல் தகாது. இன்று நம் நாட்டுக் காடுகளில் புலிகளைக் கணக்கெடுக்கும் தானியங்கிக் காமிராக்களுக்கு முன்னோடி இதுவேயன்றோ?

1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் படங்கள் தங்கப் பதக்கம் பெற்றன. 1906இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 74 படங்களை ஒருங்கே வெளியிட்டது.

எனினும் நாம் பெரிதாகக் கருதுவது பிறிதொன்று. இலையுதிர் காலத்தில் தெற்கே பெயரும் காட்டு வாத்துகளை ஒரு மாநிலம் காத்தால், அடுத்த மாநிலம் சுட்டு வீழ்த்தும். வலசைப் பறவைகளைக் காக்கும் பொறுப்பு மத்திய அரசினதாகவேண்டும் என்று, காங்கிரஸ் உறுப்பினராயிருந்த ஷிராஸ் 1904இல் மசோதா கொணர்ந்தார். அன்று அது நிறைவேறவில்லை. 1913இல் அக்கருத்து சட்டமாயிற்று. அதனைக் கண்டபின் இருபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1942இல் அவ்வேரிக்கரை ஊரான மார்க்வெட்டிலேயே கண்மூடினார்.