தலைவனே உளவாளி! பத்துமலையில் தோழர்களைக் காட்டிக் கொடுத்த லாய் டெக்

மலேசியா போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துமலை பார்க்காமல் திரும்பியவர் இருக்க மாட்டார். 272 படி ஏறினால் குகைக்குள் முருகன். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். 2006-ல் திறந்த 140 அடி முருகன் சிலை ரோட்டில் இருந்தே தெரியும்.

அந்த மலைக்குப் பக்கத்தில் ஒரு படுகொலை நடந்தது. படி ஏறுகிற பக்தர்களில் பல பேருக்கு அது தெரியாது.

1942-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. பொழுது விடிகிற நேரம். மலாயா முழுவதும் அப்போது ஜப்பான்காரன் கையில். பத்துமலை அருகே மலாயா கம்யூனிஸ்டு கட்சியின் பெரிய தலைகளும், காட்டுக்குள் இருந்து ஜப்பானை எதிர்த்துச் சண்டை போட்ட படையின் தளபதிகளும் ரகசியமாகக் கூடி இருந்தார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும். கூட்டத்தைக் கூட்டியவன் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் டெக்.

திடீர் என்று ஜப்பான் சிப்பாய்கள் நாலு பக்கமும் வளைத்துக் கொண்டார்கள். சரமாரியாகச் சுட்டார்கள். காவலுக்கு நின்றவர்கள் திருப்பிச் சுட்டார்கள். சிலர் தப்பி ஓடினார்கள். முக்கியத் தலைவர்கள் 18 பேர் பிணமானார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

செத்தவர்களில் லாய் டெக் இல்லை. பிடிபட்டவர்களிலும் இல்லை. அவன் கூட்டத்துக்கே வரவில்லை. வழியில் கார் ரிப்பேர் ஆகிவிட்டது என்று பிறகு காரணம் சொன்னான்.

கட்சிக்காரர்கள் நம்பினார்கள்.

கார் நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் நடக்கிற இடத்தையும் நாளையும் ஜப்பான் ராணுவப் போலீசுக்குச் சொன்னதே அவன்தான்.

யார் இந்த ஆசாமி?

லாய் டெக் என்பது சொந்தப் பெயர் அல்ல. ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். கட்சிக்குள் ரைட் என்றார்கள். சாங் ஹோங் என்ற பெயரில் கையெழுத்துப் போட்டு இருக்கிறான். சீனர்கள் நிறைந்த கட்சிக்குத் தலைவனாக இருந்தவன் பிறந்தது வியட்நாமில். அங்கே அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி.

பிரெஞ்சு ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுப்பதுதான் அவனது முதல் வேலை. அங்கே குட்டு உடைந்துபோகும் நிலை வந்ததும் அவனை சிங்கப்பூர் வெள்ளைக்காரப் போலீசுக்குக் கைமாற்றி விட்டார்கள். இது 1934 வாக்கில் நடந்தது.

வெள்ளைக்காரனுக்கு ஏன் இப்படி ஓர் ஆள் தேவைப்பட்டான்? மலாயா கம்யூனிஸ்டு கட்சி 1930 ஏப்ரலில் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்த கூட்டத்துக்கு வந்தவர் வேறு யாரும் அல்ல, பிற்காலத்தில் வியட்நாமின் தலைவரான ஹோசிமின். அடுத்த வருடமே, 1931 ஜூனில், மாஸ்கோ அனுப்பிய பிரெஞ்சுத் தூதர் ஒருவர் சிங்கப்பூரில் மாட்டினார். அவரிடம் கிடைத்த விலாசங்களை வைத்து ஹாங்காங்கில் ஹோசிமினையே பிடித்து விட்டார்கள். அதோடு மாஸ்கோவுக்கும் மலாயா கட்சிக்கும் இருந்த தொடர்பு அறுந்து போனது.

தொடர்பு அறுந்த கட்சிக்குள் ஒருவன் வந்து, நான் மாஸ்கோவின் ஆள் என்று சொன்னால் யார் சரி பார்ப்பது? லாய் டெக் அதைத்தான் சொன்னான். வாயில் நாலு பாஷை இருந்தது. புத்தகக் கம்யூனிசம் பேசத் தெரிந்தது. கட்சி வாயைப் பிளந்து கேட்டது.

ஏணியாக நின்ற போலீஸ்

போலீஸ் ஸ்டேஷனுக்குத் தினமும் சேதி சேகரிக்கப் போகிறவனுக்கு இன்பார்மர்களைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை. எல்லா ஊரிலும் உண்டு. டீக்கடை ஓரமாக நிற்பான். ஒரு திருட்டு நகையைக் காட்டிக் கொடுத்து ஐந்தோ பத்தோ வாங்குவான். இன்ஸ்பெக்டர் மாறினால் அவன் பிழைப்பும் ஆடிப் போகும். அப்படிப்பட்டவன் அந்த வட்டாரத் திருடர்களுக்கே தலைவன் ஆனதாகக் கேள்விப்பட்டது உண்டா?

சிங்கப்பூரில் அது நடந்தது. நடந்த விதமும் எளிது. கட்சியில் லாய் டெக்குக்கு மேலே ஒருவர் இருப்பார். அவர் தங்கி இருக்கும் வீடு போலீசுக்குத் தெரிய வரும். கைது. பிறகு சீனாவுக்கு நாடு கடத்தல். கப்பல் ஏறியவர் திரும்பி வரப் போவது இல்லை. காலியான நாற்காலி அடுத்தவருக்கு. அந்த அடுத்தவருக்கும் அதே கதி.

இப்படியே ஐந்து வருடம். 1939 ஏப்ரலில் லாய் டெக் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனான். மறுபக்கம் போலீசுக்கோ தனியாக வேவு பார்க்க வேண்டிய வேலை மிச்சம். கட்சித் தலைமை என்ன முடிவு எடுக்கும் என்பதை முடிவு எடுக்கிறவனே வந்து சொன்னான்.

சும்மா சொல்லக் கூடாது, அதிகாரிகள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு கட்சியை வேவு பார்ப்பது வேறு, அதன் தலைவனைத் தாங்களே தயார் செய்வது வேறு. தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு நடத்திய வேலை நிறுத்தங்களில் அந்தக் கட்சிக்குப் பங்கு இருந்தது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்தியவர்கள் தங்கள் ஆள் என்று நம்பிய தலைவன், சம்பளம் வாங்கியது வேறு இடத்தில்.

கறுப்புக் கண்ணாடி

1941 டிசம்பர் 8-ந் தேதி ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. வெள்ளைக்காரனுக்குக் கை கால் ஓடவில்லை. அதுவரை சிறையில் போட்ட கம்யூனிஸ்டுகளையே வெளியே விட்டு உதவி கேட்டான். அந்த மாதமே சிங்கப்பூரில் ஒரு சந்து வீட்டு மாடியில் ரகசியப் பேச்சு. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் போய் இருந்தார். எதிரே உட்கார்ந்த சீனர்கள் இருவர் கறுப்புக் கண்ணாடி போட்டு இருந்தார்கள். அதில் ஒருவன் லாய் டெக்.

ஒப்பந்தம் முடிந்தது. கட்சி ஆள் கொடுக்கும். வெள்ளைக்காரன் பயிற்சியும் வெடிமருந்தும் கொடுப்பான். 165 பேர் அவசரம் அவசரமாகப் பயிற்சி பெற்றுக் காட்டுக்குள் போனார்கள். ஜப்பானை எதிர்த்த மக்கள் படைக்கு அவர்கள்தான் விதை.

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. வந்தவுடன் ஜப்பான்காரன் சீனர்களை வடிகட்டினான். ஆண்களை மைதானத்தில் கூட்டி, சந்தேகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டு போய்க் கடற்கரையில் சுட்டுத் தள்ளினான். ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

மார்ச்சில் ஜப்பான் ராணுவப் போலீசிடம் லாய் டெக்கும் மாட்டினான். கெம்பெய்தாய் என்றால் அந்தக் காலத்து மலாயாக்காரர்களுக்கு இன்றும் குலை நடுங்கும். உள்ளே போனவன் முழுசாக வெளியே வருவது அபூர்வம். லாய் டெக் சில வாரத்தில் வெளியே வந்தான். மேஜர் ஓனிஷி என்ற அதிகாரியுடன் பேரம் முடித்துக் கொண்டு வந்தான். உயிருக்கு விலை, கட்சி.

முதலில் சிங்கப்பூர் கமிட்டித் தோழர்கள் பிடிபட்டார்கள். பிறகு பத்துமலை. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. போருக்கு முன்பு மத்தியக் கமிட்டியில் இருந்தவர்களில் அநேகமாக எல்லாரையும் தீர்த்துக் கட்டி விட்டார்கள்.

எஸ்டேட் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக் கொண்டு போனதும் இதே காலம்தான். காட்டில் இருக்கிற படை ஒருநாள் வந்து காப்பாற்றும் என்று எத்தனை குடும்பம் காத்து இருந்ததோ. அந்தப் படையின் தலைவர்களைத்தான் இவன் ஒவ்வொருவராக விற்றுக் கொண்டு இருந்தான்.

இரண்டு பக்கமும் தலைவன்

இதற்குள் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். 1943 மே மாதம் மலாயா போலீசில் வேலை பார்த்த ஜான் டேவிஸ் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேரா கரையில் இறங்கினார். பீடோர் பக்கத்து மலைக்காட்டில் முகாம். அந்த வருடம் டிசம்பர் கடைசியில் காட்டுப் படையோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்சி சார்பில் வந்தவன் சாங் ஹோங். அதாவது நம்ம லாய் டெக். அன்றைய தேதியில் அவன் ஜப்பான் போலீசின் ஆளும்கூட.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட லிம் போ செங் என்ற சீன வீரர் 1944 மார்ச்சில் ஜப்பானிடம் பிடிபட்டார். பத்து காஜா சிறையில் ஜூன் 29-ந் தேதி செத்தார். கூட இருந்தவர்களைக் காட்டிக் கொடுக்காமல் செத்தார் என்று சிங்கப்பூரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரண் அடைந்தது. வெள்ளைக்காரப் படை செப்டம்பர் முதல் வாரம்தான் வந்து சேர்ந்தது. நடுவில் பல ஊர்களில் காட்டுப் படை வைத்ததே சட்டம். துப்பாக்கி கையில். எதிரி இல்லை. ஆட்சியைப் பிடித்து விடலாம் என்று துள்ளியவர்கள் ஏராளம்.

வேண்டாம் என்றான் லாய் டெக். ஆகஸ்டு 27-ந் தேதி 8 அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டான். அதில் சண்டை இல்லை, வெள்ளைக்காரனோடு ஒத்துழைப்புதான். டிசம்பரில் சுமார் 6 ஆயிரம் பேர் வரிசையில் நின்று துப்பாக்கியைக் கொடுத்து விட்டுத் தலைக்கு 350 டாலர் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சண்டை போட்டு இருந்தால் ரத்தம் ஆறாக ஓடி இருக்கும் என்பதும் உண்மை. அதனால் அந்த முடிவு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யார் நன்மைக்காக அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று அந்த 6 ஆயிரம் பேருக்குத் தெரிந்து இருக்க வேண்டாமா?

ஏன் என்றால் பழைய எஜமான் வந்ததும் லாய் டெக் பழைய வேலைக்கே திரும்பி விட்டான். போலீஸ் தொடர்பு மறுபடியும் ஒட்டிக் கொண்டது.

குட்டு உடைந்தது

1945 செப்டம்பரிலேயே பினாங்கில் பழைய கட்சிக்காரர் ஒருவர் சீனப் பத்திரிகையில் போட்டு உடைத்து விட்டார். பொதுச் செயலாளர் ஜப்பானின் உளவாளி என்று எழுதினார். எழுதியவரே ஜப்பானுக்கு வேலை செய்தவர். அதனால் கட்சி நம்பவில்லை. திருடன் சொன்னாலும் திருட்டு திருட்டுதானே என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் சந்தேகம் புகைந்து கொண்டே இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள், கையில் புழங்கிய பணம், எந்த ஆபத்திலும் மாட்டாத அதிசயம். இளம் தலைவர்கள் சிலர் பழைய கைதுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மாட்டியவர்கள் எல்லாரும் அவனுக்குத் தெரிந்த இடத்தில் மாட்டி இருந்தார்கள்.

மத்தியக் கமிட்டியில் கேள்வி எழுந்தது. 1947 மார்ச் 6-ந் தேதி கோலாலம்பூரில் கூட்டம் என்று நாள் குறித்தார்கள். அன்றைக்கும் லாய் டெக் வரவில்லை. இந்தத் தடவை காரணம் சொல்லக்கூட ஆள் இல்லை. கட்சிப் பணத்தோடு கம்பி நீட்டி விட்டான்.

காலி நாற்காலியில் சின் பெங் உட்கார்ந்தார். வயது 22. காட்டில் லாய் டெக்கின் சொல்லைத் தட்டாமல் நடந்தவர் அவர். தலைவரைத் தேடும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது.

லாய் டெக் சிங்கப்பூரில் இருந்து ஹாங்காங், அங்கே இருந்து பாங்காக் என்று ஓடினான். அதே வருடம் பாங்காக்கில் ஆள் இருப்பது தெரிந்து விட்டது. முடிவு எப்படி என்று சின் பெங் 2003-ல் வெளிவந்த தன் வரலாற்றுப் புத்தகத்தில் எழுதினார். தாய்லாந்து கம்யூனிஸ்டுகள் மூன்று பேர் பிடிக்கப் போனார்கள். உயிரோடு கொண்டு வருவதுதான் திட்டம். அவன் திமிறினான். கழுத்தை இறுக்கியதில் மூச்சு நின்று விட்டது. உடலைச் சாக்கில் கட்டி ராத்திரி சாவோ பிரயா ஆற்றில் போட்டு விட்டார்கள்.

கட்சி இதை வெளியே மூச்சு விடவில்லை. லாய் டெக் துரோகி என்ற அறிக்கையே 1948 மே மாதக் கடைசியில்தான் வந்தது. அடுத்த மாதம் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நெருக்கடி நிலை பிரகடனம். 1960 வரை நீடித்த காட்டுச் சண்டை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தமிழர், 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

சின் பெங் 2013 செப்டம்பரில் பாங்காக் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 88. சொந்த ஊர் திரும்ப மலேசியக் கோர்ட்டு வரை போயும் அனுமதி கிடைக்கவில்லை. லாய் டெக்கின் உடலைப் போட்ட ஆறு ஓடுவதும் அதே ஊர் வழியாகத்தான்.