கல்லுக்குள் மீன் தேடிய மேரி

இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் 1799-ல் பிறந்தவர் மேரி ஆனிங். அப்பா தச்சர்; 1810-ல் கடனை விட்டுட்டு இறந்துபோனார். கரைமேட்டில் கல்லாகிக் கிடந்த பழங்கால மீன், பிராணிகளின் எலும்பை எடுத்து விற்றுத்தான் குடும்பம் பிழைத்தது. குளிர்காலத்தில் மேடு சரிஞ்சாத்தான் புதுசா ஏதாவது தெரியும். அலை இழுத்துட்டுப் போறதுக்குள்ள எடுக்கணும். 1833-ல் அப்படிச் சரிஞ்ச மண் கூடவே வந்த நாயைக் கொன்னுடுச்சு, மேரி நூலிழையில் தப்பினார்.

கூடத் தேடப் போன தோழி எலிசபெத் பில்பாட். வயதிலும் வசதியிலும் பெரியவர். அவர் விற்கவில்லை, ஆசைக்குச் சேர்த்தார். கல்மீன் என்றால் அவருக்கு உயிர்.

மேரியிடம் வாங்கிப்போன கனவான்கள் கட்டுரை எழுதினாங்க. அதில் பெரும்பாலும் மேரி பேர் இருக்காது. நம்ம ஊறுகாய்க்கு வேற லேபிள் ஒட்டுற வியாபாரி ஞாபகம்தான் எனக்கு வருது. லண்டன் புவியியல் சங்கம் பெண்களைச் சேர்க்கவே இல்லை.

1834-ல் மீன் ஆய்வாளர் லூயி அகாசி வந்தார். எந்த முள் எந்தச் சுறாவுடையதுன்னு தோழிகள் ரெண்டு பேரும் தடுமாறாமல் காட்டினாங்க. அவர் தன் புத்தகத்தில் இருவருக்கும் நன்றி எழுதினார். மேரி பேரை ரெண்டு மீனுக்கும், எலிசபெத் பேரை ஒரு மீனுக்கும் வைத்தார். 1847-ல் மார்பகப் புற்றுநோயில் மேரி இறந்தபோது வயது 47.