விண்மீனுக்கு வரம்பு கண்ட சந்திரசேகர்

தமிழகத்தின் வடவெல்லை என்று பண்டை இலக்கண நூலார் வகுத்த வேங்கடமலையின் அடிவாரத்துத் திருப்பதியிலும், நீவா ஆற்றங்கரைச் சித்தூரிலும் உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகள் தாய்மொழியை எங்கே கற்பார்கள், பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களின் மக்கள் எவ்வாறு உயர்வார்கள் என்பதே அக்கவலை. இவ்வாண்டு மலரில் நாம் நினைவுகூர எடுத்துக்கொண்ட பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், நம்மைப் போலவே வெளியூரில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூர் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அரசாங்கத் தணிக்கைத் துறை அதிகாரி. வடமேற்கு ரயில்வேயின் கணக்குப் பொறுப்பில் அங்கே பணியாற்றி வந்தார். பத்து மக்களுள் மூன்றாமவராகவும், ஆண்மக்களுள் மூத்தவராகவும் சந்திரசேகர் தோன்றினார். பன்னிரண்டு வயது வரை அவருக்குப் பள்ளிக்கூடமே இல்லை, வீடே பள்ளி. தந்தையார் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். தாயார் சீதாலட்சுமி அம்மையார் தமிழ் கற்பித்தார். அவ்வம்மையார் நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்த கல்விச் செல்வி. 1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்து நிலைபெற்றது. கணித மேதை இராமானுஜன் மறைந்த செய்தியை 1920-இல் தாயார் எடுத்துச் சொன்னபோது சிறுவன் உள்ளத்தில் விழுந்த வித்து, பிற்காலத்தில் பெருமரமாயிற்று என்பதில் ஐயமில்லை.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் அவர் பயின்றார். சிறிய தந்தையார் சர் சி. வி. இராமன் 1928-இல் ஒளிச்சிதறல் பற்றிய தம் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த காலம் அது. அதே ஆண்டில் ஜெர்மானியப் பேரறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். கல்லூரி மாணவராகிய சந்திரசேகர் அவரை நேரிற் கண்டு, பௌதிகம் முற்றிலும் புதிதாகிவிட்டது என்பதை அறிந்து, தாமே முயன்று புதுநூல்களைக் கற்றுத் தேர்ந்தார். 1930-இல் பட்டம் பெற்றதும், கேம்பிரிட்ஜ் சென்று பயில அரசாங்க உதவித்தொகை கிடைத்தது.

அப்போது தாயார் நோய்ப்படுக்கையில் இருந்தார். மகன் தயங்கினான், தாயாரோ, போய் வரவேண்டும் என்றே வற்புறுத்தினார். 1930 ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தாயார் காலமானார். மகன் கடல் கடந்த நாட்டில் இருந்தார். கல்விக்காக மக்களைத் தொலைவுக்கு அனுப்பும் பெற்றோர் அனைவரும் இப்பகுதியை உள்ளம் கனியாமல் படிக்க இயலாது.

அந்தக் கப்பற் பயணத்திலேதான், பத்தொன்பது வயது இளைஞராகிய அவர் உலகப் புகழுக்குரிய கணக்கைப் போட்டார். அதன் சாரத்தை எளிமையாகக் கூறுவோம். விண்மீன் ஒன்று தன் ஈர்ப்பினால் தன்னையே உள்நோக்கி நெருக்குகிறது. உள்ளே எரியும் அனல் வெளிநோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டும் சமமாக இருக்கும்வரை விண்மீன் நிலைத்து நிற்கும். எரிபொருள் தீர்ந்தபின் அது சுருங்குகிறது. நம் சூரியன் அளவு பொருள் பூமியளவு உருண்டையாகச் சுருங்கினால், அதில் ஒரு தேக்கரண்டிப் பொருள் பல டன் எடை இருக்கும். இத்தகைய மீனுக்கு வெண்குறுமீன் என்று பெயர். அங்கே மேலும் நெருக்கவொட்டாமல் தடுத்து நிற்பவை எலெக்ட்ரான்கள் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபவுலர் முன்னமே காட்டியிருந்தார்.

அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். ஆகவே ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே சந்திரசேகரின் சிந்தனை. சேர்த்துப் பார்த்தபோது வியப்பான விடை கிடைத்தது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எடைவரைதான் எலெக்ட்ரான்களின் தடுப்பு தாங்கும். அதற்கு மேற்பட்டது வெண்குறுமீனாக அமைதி பெற இயலாது. அப்படியானால் பெருமீன்களின் கதி யாது? இன்று கருந்துளை என்று நாம் அழைக்கும் விந்தைக்குச் செல்லும் வழியின் வாயில் அந்தக் கேள்விதான்.

1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் தம் முடிவை எடுத்துரைத்தார். அவருக்கு அடுத்து எழுந்தவர் அக்காலத்து வானியலார்க்கெல்லாம் தலைவராக விளங்கிய எடிங்டன். இக்கணக்கு வளர்ந்த வகையை அருகிலிருந்து அறிந்தவர்; எனினும் தாம் மறுக்கப் போவதை முன்கூட்டிச் சொல்லாதவர். விண்மீன் அவ்வாறு நடந்துகொள்வதை இயற்கை அனுமதியாது என்று அவர் நையாண்டி செய்ய, அவையோர் நகைத்தனர். இருபத்துநான்கு வயது இளைஞர் அவமதிப்போடு திரும்பினார். பௌதிக அறிஞர் பலர் இளைஞர் பக்கமே நியாயம் உள்ளது என்று தனிமையில் ஒப்புக்கொண்டனர். வெளிப்படையாகக் கூற முன்வந்தாரில்லை.

இத்தகைய நிலையில் மனமுடைந்து ஆராய்ச்சியையே கைவிட்டவர் உண்டு. வாழ்நாள் முழுதும் பகை வளர்த்தவரும் உண்டு. சந்திரசேகர் இரண்டும் செய்யவில்லை. தம் முடிவுகளை 1939-இல் நூலாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனிடம் நட்பைக் குறைத்துக்கொள்ளவுமில்லை. 1982-இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அவர் பெருமையை மனமாரப் போற்றினார். இன்னா செய்தாரையும் நாண வைப்பது நன்மையே என்னும் நம் மரபுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1936-இல் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு பௌதிகம் பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். இராமானுஜனின் முகத்தை இன்று உலகம் அறிவதற்குக் காரணமான கடவுச்சீட்டுப் புகைப்படத்தை அவர் தேடிப் பெற்றதும் அவ்வாண்டிலேயே. 1937 முதல் இறுதிவரை சிகாகோ பல்கலைக்கழகமே அவர் பணியிடம். யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து நெடுந்தொலைவு காரோட்டிச் சென்று இரண்டே மாணவர்க்குப் பாடம் நடத்தினார் என்பர். அவ்விருவராகிய லீ, யாங் என்னும் சீன இளைஞர் 1957-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அப்பரிசு வந்தது 1983-இல்தான். அவையில் நகைப்பொலி எழுந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டிலேயே கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவரது பெருநூலும் வெளிவந்தது. 1995 ஆகஸ்டு 21-இல் அவர் மறைந்தார்.

1953-இல் அவர் அமெரிக்கக் குடிமகனானார். இதைக் குறையாகக் கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை; ஆயினும் ஓர் இழப்பு உண்டென்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. பௌதிகம் கற்ற லலிதா அம்மையார் தம் ஆராய்ச்சியைத் துறந்து கணவரின் பணிக்குத் துணைநின்றார். பெரும்புகழின் பின்னே இத்தகைய விலை கொடுத்தவர்களையும் நாம் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.

அவர் மறைந்த நான்காம் ஆண்டில், 1999 ஜூலை 23-ஆம் நாள், கொலம்பியா விண்ணோடம் ஒரு பெருந் தொலைநோக்கியைச் சுமந்து சென்றது. அதற்கு அமெரிக்கர் சூட்டிய பெயர் சந்திரா. மருத்துவமனையில் எலும்பைக் காட்டும் எக்ஸ் கதிர்கள் விண்ணிலிருந்தும் வருகின்றன. ஆனால் பூமியின் காற்று மண்டலம் அவற்றை விழுங்கிவிடுகிறது. ஆகையால் காற்றைக் கடந்து நின்று காணவேண்டும். கருந்துளை ஒளியை வெளிவிடுவதில்லை. எனினும் அதனுள் விழப்போகும் வாயு, சுழன்று கோடிக்கணக்கான பாகை சூடேறி எக்ஸ் கதிரை வீசுகிறது. நம் பால்வழி மண்டலத்தின் நடுவிலுள்ள பெருங்கருந்துளை இடையிடையே பளிச்சிடுவதைச் சந்திரா கண்டது. அன்று இயற்கை அனுமதியாது என்று எள்ளப்பட்ட பொருளை, எள்ளப்பட்டவர் பெயர் தாங்கிய கருவியே காட்டியது.

இவ்வரலாறு நம் வாயிலுக்கும் வந்துள்ளது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28-இல் ஆஸ்ட்ரோசாட் என்னும் விண்தொலைநோக்கி ஏவப்பெற்றது. 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலத்தின் புறஊதா ஒளியை அது பதிவு செய்தது. 2024 புத்தாண்டு நாளில் எக்ஸ்போசாட் சென்றது. கருந்துளை முதலியவற்றின் எக்ஸ் கதிர்களை ஆராயும் அதன் முதன்மைக் கருவியை அமைத்தது, சிறிய தந்தையார் இராமன் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சிக் கழகமே.

ஏவுமுன் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலைக்குக் கொணர்ந்து வழிபடும் வழக்கத்தை நாம் அறிவோம். அடுத்த முறை அச்செய்தி வரும்போது, லாகூரில் பிறந்து, தாய்மடியில் தமிழ் கற்று, நகைத்த அவையின் முன் கணக்கை மாற்றிக்கொள்ளாத இளைஞரின் கதையையும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லுவோமாக. அதைத் தமிழிலேயே சொல்லுவோமாக.