ஜான் மோசஸ் பிரவுனிங்

ஜான் மோசஸ் பிரவுனிங் (ஜனவரி 23, 1855 – நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். இவர் 128 காப்புரிமங்களைப் பெற்றவர். இவர் வடிவமைத்த எம்1911 என்னும் .45 அங்குலக் கைத்துப்பாக்கியை அமெரிக்கத் தரைப்படை 1911-இல் ஏற்றுக்கொண்டது. 1985-இல் பெரெட்டா எம்9 தேர்வு செய்யப்படும் வரை அதுவே படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக இருந்தது. போர்க்களத்துக்காக உருவான இக்கருவியே பிற்காலத்தில் துல்லியத்துக்காக மிகுதியாக மாற்றியமைக்கப்பட்ட கைத்துப்பாக்கிகளுள் ஒன்றாகவும் ஆனது.

இளமை

யூட்டா ஆட்சிப்பகுதியின் ஆக்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோனதன் பிரவுனிங் மோர்மன் சமயத்தவர், துப்பாக்கிக் கொல்லர். ஜான் சிறுவயது முதலே தந்தையின் பட்டறையில் வேலை பழகினார். தந்தை இறந்த 1879-ஆம் ஆண்டிலேயே ஒற்றைத் தோட்டா நீள்துப்பாக்கி ஒன்றுக்கு முதல் காப்புரிமம் பெற்றார். 1883-இல் வின்செஸ்டர் நிறுவனம் அதன் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கியது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் வடிவமைப்புகளை அந்நிறுவனத்துக்கே விற்றார். 1902-இல் தானியங்கி வேட்டைத் துப்பாக்கிக்கு மொத்தத் தொகைக்குப் பதிலாக உரிமப் பங்கு கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியம் சென்று, எஃப்.என். நிறுவனத்திடம் அத்துப்பாக்கியை ஒப்படைத்தார்.

எம்1911

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது விசையை ஒருமுறை இழுத்தால் ஒருமுறை சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது. பிரவுனிங்கின் தொடக்கக்கால கோல்ட் கைத்துப்பாக்கிகளில் குழலின் முன்னும் பின்னும் இரண்டு இணைப்புத் துண்டுகள் இருந்தன. சுட்டபின் குழல் முழுவதும் கீழிறங்கியது. எம்1911-இல் பின்பக்கம் மட்டுமே ஓர் இணைப்பு உண்டு. குழலின் வாய்ப்பகுதியை புஷ்ஷிங் எனப்படும் வளையம் தாங்குகிறது. அது தனியாகக் கழற்றக்கூடிய உறுப்பு.

1911 மார்ச்சில் நடந்த இறுதிச் சோதனையில் இக்கைத்துப்பாக்கி 6,000 தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டது. போட்டியிட்ட சாவேஜ் கைத்துப்பாக்கி பலமுறை நின்றது. வீரனின் உயிர் சேறும் மணலும் படிந்த கருவியை நம்பியிருக்கும் இடத்தில், உறுப்புகளுக்கிடையே சிறிது இடைவெளி இருப்பது குறையன்று, தேவை.

இறப்பு

1926-இல் பெல்ஜியத்தின் லியேஜ் அருகே எர்ஸ்டாலில், எஃப்.என். தொழிற்சாலையில் பணியிலிருந்தபோது இதயக் கோளாறால் காலமானார். அவர் முடிக்காமல் விட்ட 9 மி.மீ. கைத்துப்பாக்கியை தியூதொன்னே சைவ் நிறைவு செய்தார். அது 1935-இல் ஹை-பவர் என்று வெளிவந்தது. இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் இவ்வகைக் கைத்துப்பாக்கி தயாரிக்கப்பட்டுள்ளது.

துல்லியமும் மாற்று உறுப்புகளும்

ஒகையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி தேசியப் போட்டிகளில் .45 கைத்துப்பாக்கியால் 50 கெஜத் தொலைவிலும் சுடவேண்டும். அங்கே மேற்சொன்ன இடைவெளியே எதிரியானது. குறிபார்க்கும் உறுப்புகள் ஸ்லைடு என்னும் நகரும் மேற்பகுதியில் உள்ளன. குண்டு செல்வதோ குழல் வழியே. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழல், ஸ்லைடுக்குள் அதே இடத்துக்குத் திரும்பாவிடில், குறி சரியாயிருந்தும் குண்டு விலகும்.

ஆகவே கைவினைஞர்கள் முதலில் தொட்டது புஷ்ஷிங்கை. அளவில் சற்றுப் பெரிதாகச் செய்த வளையத்தை ஸ்லைடுக்கும் குழலுக்கும் ஏற்ப அராவிப் பொருத்தினர். குழலின் பூட்டுப் பற்களும் அவ்வாறே கூடுதல் உலோகத்துடன் செய்யப்பட்டு அராவிச் சேர்க்கப்பட்டன. பின்னிணைப்பை நீளமானதாக மாற்றிக் குழலை மேலே தூக்கிப் பிடிப்பது மலிவான வழி; ஆனால் பற்கள் சரியாகப் பொருந்தாதபோது இணைப்பு மட்டும் சுமை தாங்குவதால் அது நல்ல தீர்வன்று. விசை உறுப்புகளும் சீரமைக்கப்பட்ட குறிகாட்டிகளும் குழலைத் துல்லியமாக்குவதில்லை. சுடுபவரின் பிழையையே குறைக்கின்றன. இவ்வேறுபாட்டை விற்பனை விளம்பரங்கள் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன.

கோல்ட் நிறுவனமும் 1930களில் நேஷனல் மேட்ச் என்ற போட்டி வகையையும், 1957-இல் 'தங்கக் கோப்பை' என்று பொருள்படும் பெயரில் மற்றொன்றையும் வெளியிட்டது. 1970-இல் விரல்கள் போன்ற வில் துண்டுகளால் குழலை இறுகப் பற்றும் புஷ்ஷிங்கை அறிமுகப்படுத்தியது. துல்லியம் கூடியது, ஆனால் அவ்விரல்கள் சில வேளைகளில் முறிந்து கைத்துப்பாக்கியையே நிறுத்தின. பின்னர் கோல்ட் பழைய திண்ம வளையத்துக்கே திரும்பியது.