பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின் தாய் செண்டா பெரென்சன்

எமது கல்லூரி மைதானத்தில் வலைப்பந்தாட்டம் ஆடிய எந்த மாணவிக்கும் மூன்று பகுதிகளாகப் பிரிந்த ஆடுகளம் நினைவிருக்கும். பந்தை மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கும். இவற்றையொத்த விதிகளை, அமெரிக்காவில் பெண்கள் கூடைப்பந்தாட்டத்துக்கு வகுத்தவர் ஓர் ஆசிரியை. அவர் இளமையில் சில நிமிடங்கள் நேராக நிற்கவே முடியாதிருந்தவர் என்பதுதான் வியப்பு.

செண்டா பெரென்சன் 1868 பங்குனி 19ஆம் திகதி, ரஷ்யப் பேரரசின் கீழிருந்த லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1875இல் குடும்பம் பொஸ்ரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை தலைச்சுமை வியாபாரி. அண்ணன் பெர்னாட் பிற்காலத்தில் புகழ்பெற்ற கலை வரலாற்றாசிரியரானார். செண்டாவோ நோஞ்சான் பிள்ளை. பியானோ கற்கச் சென்றார். முதுகுவலி அதையும் நிறுத்திவிட்டது.

உடலைத் தேற்றும் நோக்கில் 1890இல் பொஸ்ரனில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் கலாசாலையில் சேர்ந்தார். விருப்பத்தோடு சேரவில்லை. ஆரம்பத்தில் வகுப்பின் இடையே படுத்து இளைப்பாற வேண்டியிருந்தது. மாதங்கள் செல்ல வலி குறைந்தது, பலம் வந்தது. தமக்குக் கிடைத்ததை மற்றப் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்தது.

1892 தை மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நோர்தாம்ரன் நகரிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையானார். உயர்கல்வியும் ஓட்டமும் பெண்ணின் உடலைக் கெடுக்கும் என்று வைத்தியர்களே பேசிய காலம் அது. சிறிது காலத்துக்கு முன், 1891 மார்கழியில், அருகிலுள்ள ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் தம் மாணவர்களுக்காகக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். அதைப் பற்றி வாசித்தறிந்த செண்டா, தம் மாணவிகளுக்கும் அதைக் கற்பித்தார். தனித்தனியே கைகால் அசைக்கும் பயிற்சியில் கிடைக்காத ஒன்று, கூடி விளையாடும் பழக்கம், இதில் கிடைக்கும் என அவர் கண்டார்.

1893 பங்குனியில் முதலாம் ஆண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினர். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆட்டத்தைத் தொடக்க செண்டா பந்தை மேலே எறிந்தபோது, முதலாம் ஆண்டு அணித் தலைவியின் உயர்ந்த கையில் அது பட்டுத் தோள்மூட்டு விலகியது. ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கலாம். வேறொருத்தி அவ்விடத்துக்கு வர, ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாம் ஆண்டினர் 5–4 என வென்றனர்.

ஆட்டம் முரட்டுத்தனமாகிவிட்டால் பெண்களுக்கு அது தடைப்படும் என்பதை செண்டா உணர்ந்திருந்தார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் தம் பகுதியில் நிற்க வைத்தார். பந்தைப் பறிப்பதைத் தடுத்தார். மூன்று முறைக்கு மேல் பந்தைத் தட்டிச் செல்லவும் விடவில்லை. இவ்விதிகள் 1901இல் நூலாக வெளிவந்தன.

இவ்விதிகள் வேலியா, வாசலா? அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐவராக முழு ஆடுகளத்திலும் ஓடியாட 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வகையில் அவை வேலிதான். ஆனால் அன்று அந்த வேலி இல்லாவிடில், மகளை ஆட விடப் பல பெற்றோர் இணங்கியிருக்க மாட்டார்கள். முதலில் களத்தில் இறங்க வேண்டும். கோடுகளைப் பின்னர் அழிக்கலாம். அவரது சேவையை இப்படித்தான் நாம் மதிப்பிட வேண்டும்.

1911இல் அதே கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஹேர்பேட் அபொற்றை மணந்தார். 1954 மாசி 16ஆம் திகதி கலிபோர்னியாவில் காலமானார். 1985இல் நைஸ்மித் பெயரிலான கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் முதன்முதல் இடம்பெற்ற பெண்களுள் அவரும் ஒருவர்.

வருத்தம் என்று சொல்லி மைதானத்தின் ஓரத்தில் அமரும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பாள். அவளைப் பார்க்கும் ஆசிரியைகள் செண்டாவை நினைத்துக்கொள்ளட்டும்.