அரை இஞ்ச் இடைவெளி: மெக்கானோ தந்த ஃபிராங்க் ஹார்ன்பி

தை மாசம் தஞ்சாவூர் பக்கம் ஏதாவது ஒரு வயலில் போய் நின்னு பாருங்க. சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். அறுப்பு மெஷினில் ஒரு போல்ட் உடைந்துபோனால் டிரைவர் பதற மாட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவார், அதே சைஸ் போல்ட் வாங்குவார், வந்து மாட்டுவார். மெஷின் எந்த ஊரில் செஞ்சது, போல்ட் எந்த ஊரில் செஞ்சது என்று யாரும் கேட்பதில்லை. ரெண்டும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டவை, அதனால் பொருந்துகிறது. நாலு வருஷம் படிச்சும் நாம் இதை ஒரு பெரிய விஷயமாக நினைத்திருக்க மாட்டோம்.

இந்த விஷயத்தைப் பத்து வயசுப் பசங்க கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஒருத்தர் இருந்தார். பெயர் ஃபிராங்க் ஹார்ன்பி. பெயர் தெரியலையா? பரவாயில்லை, அவர் செஞ்ச பொருள் உங்களுக்குத் தெரியும். வரிசையாகத் துளை போட்ட பட்டைகள், சின்னச் சின்ன போல்ட், நட்டு, ஒரு குட்டி ஸ்பேனர், சக்கரம், கொக்கி. நம்ம வீடுகளுக்கு இது 'மெக்கானிக்ஸ்' செட் என்ற பெயரில் வந்தது. கிரேன், லாரி, காத்தாடி ஆலை என்று ஒவ்வொன்றாகச் செய்து, கழற்றி, மறுபடியும் செய்தோம். அந்தக் குடும்பத்துக்கு மூத்த பாட்டன், ஹார்ன்பியின் மெக்கானோ.

அவர் 1863 மே 15 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மளிகைச் சரக்கு வியாபாரம். பையன் பதினாறு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவிடமே காசாளராகச் சேர்ந்தான். இஞ்சினியரிங் படிக்கவில்லை, பட்டறையில் தொழிலும் கற்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்காது. எப்போதும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று சின்ன வயசில் ரொம்ப நாள் முயன்றான். தெர்மோடைனமிக்ஸ் படிச்ச நமக்கு அது ஏன் நடக்காது என்று தெரியும். அவனுக்குத் தோற்றுத்தான் தெரிந்தது.

1887-ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். 1899-ல் அப்பா இறந்தார், கடையும் மூடப்பட்டது. முப்பத்தாறு வயசில் ஹார்ன்பி, எலியட் என்ற இறைச்சி இறக்குமதி வியாபாரியிடம் கணக்கு எழுதப் போனார். பகலில் பேரேடு, ராத்திரி வீட்டில் தகரம் வெட்டும் வேலை. ரோலண்ட், டக்ளஸ் என்ற தன் ரெண்டு பையன்களுக்காகப் பாலமும் கிரேனும் செய்துகொண்டிருந்தார்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகத் துண்டு வெட்ட வேண்டியிருந்தது. கிரேனுக்கு வெட்டிய பட்டை பாலத்துக்கு ஆகாது. பையன்களுக்குக் கிரேன் அலுத்துப்போனால் அந்த உழைப்பு முழுக்க வீண். அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாப் பட்டையும் அரை இஞ்ச் அகலம். எல்லாத் துளையும் ஒரே அளவு. துளைக்கும் துளைக்கும் நடுவே அரை இஞ்ச் தூரம், எங்கேயும் மாறாது. அவ்வளவுதான். இனிமேல் எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் சேரும்.

கேட்க ரொம்ப சிம்பிளாக இருக்கு, இல்லையா? ஆனால் இதிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்க. துளை போல்ட் மாட்டுவதற்கு மட்டும் இல்லை. அதுவே அச்சுக்கம்பி சுழலும் பேரிங்கும் ஆகிறது. துளைகளை எண்ணினாலே நீளம் தெரியும், ஸ்கேல் வேண்டாம். 4 துளை, 5 துளை, 6 துளைப் பட்டை மூன்றையும் முனைத் துளைகளில் போல்ட் போட்டு முக்கோணமாக மாட்டினால், இடைவெளிகள் 3, 4, 5 ஆகின்றன. செங்கோணம் தானாக விழுந்துவிடும். பித்தாகரஸ் பெயரே கேள்விப்படாத பையனும் மட்டம் பார்க்காமல் நேராகக் கட்டுவான். பின்னாடி வந்த பல்சக்கரங்களும் இதே விதிக்கு அடங்கின. 57 பல் சக்கரமும் 19 பல் பினியனும் சரியாக ஒரு இஞ்ச் தூரத்தில், அதாவது ரெண்டு துளை தள்ளி, கச்சிதமாகக் கடிக்கும். மூன்றுக்கு ஒன்று கியர் விகிதம். வாய்க்கால் மதகில் ஷட்டரைத் தூக்கக் கைப்பிடியைச் சுற்றுவார்களே, அதே மாதிரி குறைந்த பலத்தில் அதிக பாரம் தூக்கும் கணக்கை அந்தப் பையனின் விரல் கற்றுக்கொள்ளும்.

1901 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தச் செலவுக்குக் கையில் காசு இல்லை; முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுண்டு கடன் வாங்கினார். எலியட் கடனோடு நிற்காமல் கூட்டாளியாகவும் சேர்ந்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் கொடுத்தார். 1902-ல் 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி' என்ற பெயரில் பெட்டி கடைக்கு வந்தது. உள்ளே 16 வகை உதிரிகள், 12 மாடல்களுக்குப் படம். 1903-ல் சுமார் 1,500 பெட்டி விற்றும் லாபம் இல்லை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறைத் தலைவராக இருந்த ஹீலி-ஷா இதைப் பாராட்டி ஆதரவுக் கடிதம் தந்தார். பெரிய படிப்பு படித்தவர், பள்ளியோடு நின்றுபோன கணக்கரின் பெட்டியில் தன் பாடம் இருப்பதைக் கண்டுகொண்டார்.

1907-ல் 'மெக்கானோ' என்ற பெயர் பதிவானது, 1908-ல் கம்பெனி. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் ரோடில் பெரிய தொழிற்சாலை. 1916-ல் பசங்களுக்கென்றே ஒரு பத்திரிகை, 1920-ல் ஹார்ன்பி ரயில்கள், 1934-ல் டிங்கி கார்கள். 1931-ல் எவர்ட்டன் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்கும் போனார். கடன் வாங்கிக் காப்புரிமை எடுத்தவர் பெரும் பணக்காரராக 1936 செப்டம்பர் 21 அன்று இறந்தார்.

அவர் உயிரோடு இருந்தபோதே அந்தப் பெட்டி ஒரு பெரிய வேலை செய்தது. 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவர் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் சேர்ந்து, பெரும்பாலும் மெக்கானோ உதிரிகளை வைத்தே ஒரு கணிப்பான் கட்டினார்கள். செலவு சுமார் 20 பவுண்டு. மேத்ஸ் பேப்பரில் நம்மைப் படுத்தி எடுத்த டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் இருக்கே, அதைச் சக்கரமும் தண்டும் சுற்றியே தீர்த்துக் காட்டியது அது. அணு அமைப்பு ஆராய்ச்சிக்கு அதன் விடைகள் பயன்பட்டன.

அதுக்கப்புறம் கதை இறங்குமுகம்தான். பிளாஸ்டிக் வந்தது, சட்டென்று மாட்டும் கட்டைகள் வந்தன. 1964-ல் கம்பெனி கைமாறியது. 1979-ல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை மூடியே போனது. ஆனால் 1910-ல் செய்த பட்டையை எடுத்து 1970-ல் செய்த பட்டையோடு வைத்துப் பாருங்க. துளை நேராக நிற்கும், போல்ட் நுழையும். கம்பெனி போச்சு, அளவு போகலை. பழைய செட் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பழைய தபால்தலையை ஆல்பத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய மெக்கானோவை இன்றைக்கு ராத்திரியே மாட்டி ஓட்டலாம்.

அவர்கள் காலத்தைக் கணிப்பது வண்ணத்தை வைத்து. ஓரம் மடித்த மெல்லிய தகரமா? அது ஆரம்ப காலம். நிக்கல் முலாம் பூசிய எஃகா? அதற்கு அடுத்தது. சிவப்பும் பச்சையும் 1926-ல் வந்தன. நீலமும் பொன்னிறமும் 1934-ல்.

நம்ம டெல்டாவில் பழைய பொருளுக்கு வேறொரு விதி இருந்தது. போகிக்கு வீட்டை ஒழித்தால் பரணில் கிடந்த பெட்டி இறங்கும். தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று வண்டி வரும். பட்டையும் போல்ட்டும் எடைக்குப் போய்விடும். எத்தனை மெக்கானிக்ஸ் பெட்டிகள் அப்படிப் போயிருக்குமோ! உங்க மாமா, சித்தப்பா வீட்டில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தால் இந்த லீவில் இறக்கி வைங்க. துரு இருந்தால் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைங்க. பளபளப்புக்காக பெயின்ட் அடிச்சுடாதீங்க, வயசு சொல்வதே அந்தப் பழைய வண்ணம்தான். படப் புத்தகம் கிழிந்திருந்தாலும் பத்திரம். பிறகு ஒரு ஸ்கேல் எடுத்து ரெண்டு துளைக்கு நடுவில் அளந்து பாருங்க. 12.7 மில்லிமீட்டர் வந்தால், அந்த லிவர்பூல் கணக்கரின் அரை இஞ்ச் உங்க வீட்டுப் பரண் வரைக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் சில மாசத்தில் நாமும் எதையாவது டிசைன் பண்ணப் போகிறோம். சாஃப்ட்வேரோ, சர்க்யூட்டோ, பம்ப்செட்டோ. பசை போட்டு ஒட்டி, யாரும் திறக்க முடியாதபடி மூடுவது இப்போது சுலபம். ஒரு போல்ட் உடைந்தால் மொத்தத்தையும் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கச் சொல்வதும் சுலபம். அப்படி ஒரு மெஷின் நடு வயலில் நின்றுவிட்டால் நெல் காத்திருக்காது, ஒரு மழை போதும். நாம் செய்யும் பொருளை நமக்கு முகம் தெரியாத ஒருத்தர், முப்பது வருஷம் கழித்து, ஒரு ஸ்பேனரோடு உட்கார்ந்து கழற்றிச் சரிசெய்ய முடியுமா? டிசைனில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பாருங்க.